தமிழ் எழுத்தில் தன்னடையாளம்: தன்வரலாறும் நாவலும்

தன்னடையாளம் என்பது ஒருவர் தம்மை யாரென்று உணர்கிறார், ஊர் அவரை யாரென்று அழைக்கிறது என்ற இரண்டுக்கும் இடையில் உருவாவது. பிறந்த ஊர், சாதி, சமயம், மொழி, பால், கற்ற கல்வி, செய்யும் தொழில் எல்லாம் அதில் சேரும். அவற்றோடு ஒட்டாமல் உள்ளே கிடக்கும் ஆசையும் அச்சமும்கூடச் சேரும். இதை எழுத்தில் கொண்டுவரும் வழிகளைத் தன்வரலாறு, நினைவுக்குறிப்பு முதலிய புனைவல்லாத எழுத்து என்றும், நாவல், சிறுகதை முதலிய புனைவு என்றும் பிரிப்பது வழக்கம். முதலாவது உண்மை, இரண்டாவது கற்பனை என்பது இப்பிரிவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். தமிழ் நூல்களை வைத்துப் பார்த்தால் இந்தக் காரணம் போதவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லி, அதற்கு வரும் விளைவையும் ஏற்றுக்கொண்டு எழுதுவது ஒன்று. பெயரை விலக்கிவிட்டு, பெயரோடு சொல்ல முடியாததைச் சொல்வது மற்றொன்று. இரண்டும் தன்னடையாளத்தின் வெவ்வேறு பகுதிகளையே எட்டுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பெயரை வைத்து எழுத்தைப் பிரிப்பது தமிழுக்குப் புதிதன்று. அகத்திணையில் தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் வந்தால் பாட்டு புறமாகிவிடும். இந்த விதி எவ்வளவு கறாராகக் கொள்ளப்பட்டது என்பதற்கு நக்கீரரின் நெடுநல்வாடை சான்று. கூதிர்க் காலத்து அரண்மனையில் கணவனைப் பிரிந்து வாடும் ஒருத்தியையும், நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்துவரும் அவள் கணவனையும் அந்தப் பாட்டு காட்டுகிறது. அரசனின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அவனுக்கு முன்னே செல்பவன் ஏந்திய வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியருக்குரிய அடையாளப்பூ. ஆளைக் காட்டிக்கொடுக்கும் அந்த ஒரு குறிப்பினால் இது அகம் ஆகாது, புறமே என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். பிரிவின் வலியை யாருடையது என்று தெரியாதபோதுதான் எல்லாரும் தமதாகக் கொள்ள முடியும் என்ற எண்ணம் இந்த விதிக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். (குறுந்தொகையில் பாடியவரின் பெயரே தெரியாமல் போய், அவர் ஆண்ட உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்க நேர்ந்ததும் உண்டு.) பிரெஞ்சு ஆய்வாளர் பிலிப் லெஜன் 1975இல் தன்வரலாற்றை வரையறுத்தபோது, எழுதுபவர், கதைசொல்பவர், கதைக்குரியவர் மூவருக்கும் ஒரே பெயர் இருப்பதையும், அதன் வழியே வாசகரோடு ஏற்படும் உடன்படிக்கையையும் அடிப்படையாகக் கொண்டார். தொல்காப்பியர் எதிர்த்திசையிலிருந்து அதே எல்லைக்கோட்டைத் தொட்டிருக்கிறார்.

பெயர் சொன்ன எழுத்து எதைச் சாதிக்கும் என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ நல்ல எடுத்துக்காட்டு. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய இத்தொடர், 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. அந்த நூலில் சாமிநாதன் என்ற பெயரே ஒரு முடிவின் விளைவு. பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்று அழைப்பதும் உண்டு. பாடம் கேட்கச் சேர்ந்தபோது மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வேறு பெயர் உண்டா என்று விசாரித்து, சாமிநாதன் என்பதையே கொண்டார். அதுவே நிலைத்தது. இதைவிடக் கூர்மையான இடம் 1880 அக்டோபரில் வருகிறது. கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான இளைஞரிடம் யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்கிறார். சாமிநாதையர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், உலாக்கள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். தாம் யார் என்பதற்கு அவரிடம் அப்போது இருந்த விடை அந்தப் பட்டியல்தான். முதலியார் முகத்தில் வியப்பு எழவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். அவற்றின் பிரதியைக்கூடப் பார்த்ததில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் ஆளின் அடையாளம் சில நிமிஷத்தில் குலைந்து வேறொன்றாகத் தொடங்குவதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பக்கங்கள் தமிழ் உரைநடையில் குறைவு. 1887இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணி வெளிவந்தது.

ஆனால் அதே நூல் எங்கே மௌனம் காக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ஆசிரியர் பற்றியும், திருவாவடுதுறை ஆதீனம் பற்றியும், ஏடு தேடிச் சென்ற ஊர்கள் பற்றியும் விரிவாகப் பேசுபவர், மனைவியைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. திருமணம் ஒரு நிகழ்ச்சியாக வந்து போகிறது. இது அடக்கமா, அக்காலக் குடும்ப மரியாதையா என்று பிரிப்பது கடினம். பெயரோடு எழுதுபவர் மற்றவர்களின் பெயர்களையும் காக்க வேண்டியிருக்கிறது என்பது மட்டும் உறுதி. இந்த மௌனத்தின் இடத்தில்தான் நாவல் நுழைகிறது. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்தது. அதே கும்பகோணம், அதே காவிரி, இங்கும் குருவின் காலடியில் ஒரு கலையைக் கற்க வந்த ஓர் இளைஞன். ரங்கண்ணாவிடம் சங்கீதம் கற்கும் பாபுவுக்குத் தான் யார் என்ற கேள்வி எழுவது கல்வியில் மட்டுமல்ல. தன்னைவிட மூத்த யமுனாவின் மேல் உள்ள மோகம், பக்தி என்று தொடங்கியது காமம் என்று தெரியவரும் கூச்சம், இரண்டையும் சங்கீதத்தோடு எப்படிச் சேர்த்து வாழ்வது என்ற திணறல் ஆகியவையே அந்தக் கேள்வி. யமுனாவின் அடையாளச் சிக்கலும் இதில் பின்னியிருக்கிறது. மராட்டியத் தாய்க்கும் தமிழ்ப் பிராமணத் தந்தைக்கும் பிறந்தவள் என்பதாலேயே அவளைப் பெண் பார்க்க வருபவர்கள் திரும்பிப் போகிறார்கள். கும்பகோணத்தில் வாழ்ந்த ஒருவர் இதைத் தம் பெயரில் தன்வரலாறாக எழுதியிருக்க முடியுமா? 1950களில் முடிந்திருக்காது.

இங்கே ஒரு மறுப்பு எழும். தன்வரலாறும் நினைவிலிருந்து எழுதப்படுவதுதானே. நினைவு விட்டும் சேர்த்தும் கதை பின்னுகிறது. ஆகவே எல்லாத் தன்வரலாறும் புனைவே என்பார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் செர்ஜ் துப்ரோவ்ஸ்கி 1977இல் தம் நாவலைத் தற்புனைவு என்று அழைத்ததிலிருந்து இந்த வாதம் பெருகிவிட்டது. சாமிநாதையர் எண்பத்தைந்து வயதில் எழுதியது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய உரையாடலை. சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்திருக்கும் என்று யாரும் நம்பத் தேவையில்லை. ஆனாலும் அந்த நூலைச் சரிபார்க்கலாம். கடிதங்களோடும் பதிப்புகளின் முகவுரைகளோடும் ஒப்பிட்டு, இந்த ஆண்டு தவறு என்று ஒருவர் சொன்னால் அது நூலின் மேல் வைத்த குற்றச்சாட்டாக நிற்கும். பாபு எந்த ஆண்டு கும்பகோணம் வந்தான் என்பதில் ஜானகிராமன் தவறிவிட்டார் என்று யாரும் வழக்குப் பேச முடியாது. நினைவின் பிழை இரண்டுக்கும் பொது. பொறுப்பு பொது அன்று.

பாமாவின் ‘கருக்கு’ (1992) இந்த வாதத்துக்குக் கடினமான சோதனை. அதைச் சிலர் நாவல் என்கிறார்கள், சிலர் தன்வரலாறு என்கிறார்கள். அட்டையில் இருப்பது புனைபெயர். காலவரிசை இல்லை, கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய செய்தி திரும்பத் திரும்ப வெவ்வேறு இடங்களில் வருகிறது. பேச்சுமொழியிலேயே நூல் முழுதும் ஓடுகிறது. அதன் மறக்க முடியாத பகுதி ஒரு வடைப் பொட்டலம். பள்ளியிலிருந்து திரும்பும் சிறுமி, தெருவில் ஒரு பெரியவர் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல் அதன் நூலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் குனிந்து நீட்டுவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னால், அவன் சிரிக்கவில்லை. தங்கள் சாதியார் தொட்டால் தீட்டு என்று நாயக்கர் கருதுவதால் அப்படி என்று விளக்குகிறான். தான் யார் என்று அந்தச் சிறுமி தெரிந்துகொண்டது அப்போதுதான். கண்ணாடியில் பார்த்தல்ல, ஒரு சணல் நூலைப் பார்த்து. புனைபெயரில் வந்த இந்த நூல் பெயர் சொன்ன எழுத்தா? ஊரார் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். தங்களைப் பற்றி எழுதிவிட்டார் என்று அவர்கள் கொண்ட கோபத்தால் பாமாவால் சில மாதங்கள் ஊருக்குள் போக முடியவில்லை, பிறகு அந்தக் கோபம் தணிந்தது. புனைபெயர் எழுதியவரை மறைக்கவில்லை. கேள்வி வந்தபோது பதில் சொல்ல வேண்டியவர் அவராகவே இருந்தார். ஆகவே வகை எதுவென்று அட்டையைப் பார்த்து முடிவுசெய்வதைவிட, நூலுக்காக யார் தெருவில் நிற்க நேர்ந்தது என்று பார்ப்பது சரியாக இருக்கும். கே. ஏ. குணசேகரனின் ‘வடு’ (2005) சொந்தப் பெயரிலேயே வந்ததால் அங்கே இந்த ஐயத்துக்கு இடமில்லை.

சமூகத்தின் கதையைச் சொல்லும் நூலில் தனிமனித அடையாளம் எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. கருக்கில் ‘நான்’ குறைவு, ‘நாங்கள்’ அதிகம் என்பது மெய். ஆனால் மடத்தில் சேர்ந்ததும் விட்டு வந்ததும் அந்த ஒருவரின் முடிவுகள். தெருவே சேர்ந்து ஒருவருக்கு அடையாளம் தந்த இடத்தில், அந்தத் தெருவைச் சொல்லாமல் ‘நான்’ சொல்வது இயலாது.

புனைவு முதலில் கதவைத் திறந்து, பெயர் சொன்ன எழுத்து பின்னால் வந்து உரிமை கேட்ட வரிசையையும் தமிழில் காணலாம். சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ 1990களில் வந்த நாவல். சுயம்பு என்ற கல்லூரி மாணவர் மேகலை ஆவது அதன் கதை. திருநங்கையரை நகைப்புக்குரியவராகவே காட்டிவந்த வெகுசன ஊடகச் சூழலில் அது பெரும் மாற்றம். ஆனால் எழுதியவர் திருநங்கை அல்லர். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ 2007இல் வந்தது. தலைப்பிலேயே தன்மையும் பெயரும் நிற்கின்றன. அறுவைச் சிகிச்சைக்காகக் கடப்பாவுக்குச் செல்லும் பயணத்தோடு தொடங்கும் அந்த நூலில், சான்றிதழ்களிலும் அரசு ஆவணங்களிலும் பெயரை மாற்ற அலைந்த அலைச்சலும் உண்டு. அ. ரேவதியின் தன்வரலாறு 2010இல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் முதலில் வெளிவந்து, 2011இல் ‘வெள்ளை மொழி’ என்று தமிழில் வந்தது. ஒருவர் தம் பாலை யாரும் தீர்மானிக்காமல் தாமே சொல்லிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தபோது, இத்தகைய நூல்கள் ஏற்கெனவே அச்சில் இருந்தன. வெளியிலிருந்து எழுதிய நாவலை இவை செல்லாததாக்கிவிட்டன என்று சிலர் கருதுவதுண்டு. அது மிகை. வாடாமல்லி வார இதழ் வாசிக்கும் குடும்பங்களுக்குள் போயிற்று. ஆனால் பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு அலுவலகத்தில் நிற்பது எப்படியிருக்கும் என்பதை அது சொல்லியிருக்க முடியாது.

பொய்ப் பெயரை மெய்ப் பெயர்போலக் காட்டுவதும் நாவலுக்கு ஒரு கருவி. சுந்தர ராமசாமியின் ‘ஜே. ஜே: சில குறிப்புகள்’ (1981) ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்புபோல நடக்கிறது. அவர் இறந்தது 1960 ஜனவரி 5, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் கம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள். உண்மைத் தேதியின் பக்கத்தில் கற்பனைத் தேதியை உட்காரவைத்த சாமர்த்தியம் அது. ஜே. ஜே. என்பவர் மலையாள எழுத்தாளர் சி. ஜே. தாமஸ்தான் என்று வாசகர்கள் ஊகித்ததும் உண்டு. ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) பிரான்ஸில் அகதித் தஞ்சம் கேட்கும் விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. அகதி விண்ணப்பம் என்பது அரசு கேட்டு வாங்கும் தன்வரலாறு. பெயர், பிறந்த ஊர், பட்ட துன்பம் எல்லாம் தேதியோடு வேண்டும். நம்பப்பட்டால் வாழ்வு, இல்லாவிட்டால் நாடுகடத்தல். அந்தத் தாளில் எழுத இடமில்லாத ஈழப் போராட்ட இயக்க அனுபவத்தையும் குற்றவுணர்வையும் நாவல் பிறகு எடுத்துக்கொள்கிறது. பெயர் சொன்ன எழுத்து எப்போதும் விடுதலை தருவதில்லை, சில வேளை அது வாக்குமூலமாகச் சுருங்கிவிடும் என்பதை இதைவிட நன்றாக ஓர் ஆய்வுநூலும் காட்டிவிட முடியாது.

கடைசியாக, புனைவுக்குப் பொறுப்பில்லை என்பதை நடப்பு மறுக்கிறதே என்ற கேள்வி. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்த நாவல். குழந்தையில்லாத காளி, பொன்னா தம்பதியின் கதை. 2014 இறுதியில் எழுந்த எதிர்ப்பின் மையம் பாத்திரங்களைவிட, நாவலில் நேராகக் குறிக்கப்பட்ட திருச்செங்கோடும் அதன் திருவிழாவும் அங்குள்ள சமூகமுமே. ஊரின் பெயர் இருந்ததால் கதையைத் தங்கள் வரலாறாக வாசித்தார்கள். 2015 ஜனவரியில், எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டார், இனி ஆசிரியர் பெ. முருகன் மட்டுமே இருப்பார் என்ற பொருளில் அவர் முகநூலில் அறிவித்தார். ஒரே ஆள் தம் பெயரை இரண்டாகப் பிளந்து ஒன்றைக் கைவிட நேர்ந்தது. நாவலாசிரியரையும் தெருவுக்கு இழுக்க முடியும் என்பதை இது காட்டுகிறது. ஆனால் அப்படி இழுத்தவர்கள் நாவலைத் தன்வரலாறுபோல, சாட்சியம்போல வாசித்துத்தான் இழுத்தார்கள். வகை தவறி வாசித்ததன் விலை அது. சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று எழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த அவருடைய நாவல் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. மனிதர்களைப் பற்றி எழுத அச்சமாக இருக்கிறது என்று முன்னுரையில் சொல்லி, வெள்ளாட்டை நாயகியாக்கியிருந்தார். அந்தக் கதையிலும் ஒவ்வொரு குட்டிக்கும் அரசிடம் பதிவும் காதில் துளையிட்ட அடையாளமும் கட்டாயம். ‘மாதொருபாகன்’ இன்றும் அச்சில் கிடைக்கிறது.