மணிக்கூடு யாருடைய கையில்?

ஏ.எல். சோதனைக்குப் படித்த காலத்தில் எங்களில் அநேகம் பேர் ஒரு நேரசூசி போட்டிருப்போம். பிரிஸ்டல் மட்டையில் சிவப்புப் பேனையால் கோடு கீறி, காலை நாலு மணிக்கு எழும்புவதென்று தொடங்கி, சாப்பாட்டுக்கு இருபது நிமிசம் ஒதுக்கி, மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருப்போம். மூன்றாம் நாள் கண் முழிக்கும்போது ஆறு மணி ஆகியிருக்கும். இரண்டாம் கிழமை மட்டை சுவரிலேயே கிடக்கும். நாங்கள் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருப்போம். இப்போது அந்த மட்டை போனுக்குள் வந்துவிட்டது. செயலிகள் மாறுகின்றன, மனதில் கிடக்கிற குற்ற உணர்ச்சி மட்டும் அப்படியே இருக்கு.

இந்த நேரசூசிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், எங்கள் சோம்பலைப் பற்றி நாங்கள் வைத்திருக்கிற கதை சரிதானா என்ற கேள்வி வருகிறது.

முதலில் பென்ஜமின் பிராங்க்ளினிடம் போவோம். 1706இல் பொஸ்டனில் பிறந்து, பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் நடத்தியவர். இளவயதில் அவரிடம் ஒரு சின்னக் கொப்பி இருந்தது. தான் பழக விரும்பிய 13 நற்குணங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினார். பக்கத்தில் சிவப்பு மையால் ஏழு நிரல்கள், நாளுக்கு ஒன்று. அன்றைக்குப் பிழை விட்டால் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு கிழமைக்கு ஒரு குணத்தில்தான் முழுக் கவனம். 13 கிழமையில் ஒரு சுற்று முடியும், வருடத்துக்கு நாலு சுற்று.

அதே கொப்பியில் 24 மணித்தியாலத்துக்கும் ஒரு நேரசூசி இருந்தது. காலை 5 மணிக்கு எழும்புவது, 8 மணிக்கு வேலை, மத்தியானம் இரண்டு மணித்தியாலம் வாசிப்பும் கணக்குப் பார்ப்பும் சாப்பாடும், திரும்ப 6 மணி வரை வேலை. பின்னேரம் சாமான்களை அதனதன் இடத்தில் வைப்பது, இசை, கதை பேச்சு. 10 மணிக்கு நித்திரை. இன்று என்ன நன்மை செய்யலாம் என்று காலையில் தன்னையே கேட்பார். செய்தேனா என்று இரவில் கேட்பார்.

இன்றைக்கு விற்கிற பல டயறிகளுக்கும் செயலிகளுக்கும் இந்தக் கொப்பி பாட்டன் மாதிரி. ஆனால் பாட்டன் ஒப்புக்கொண்ட ஒரு விசயத்தைப் பேரப்பிள்ளைகள் சொல்வதில்லை. 1784இல், 78 வயதில், பாரிசுக்குப் பக்கத்திலிருந்த பாசியில் இருந்துகொண்டு தன் சுயசரிதையின் இரண்டாம் பகுதியை எழுதியபோது, ஒழுங்கு என்ற குணம்தான் தன்னை மிகவும் கஸ்ரப்படுத்தியது என்று பிராங்க்ளின் எழுதினார். வியாபார விசயமாக வருகிற ஆட்கள் தங்களுக்கு வசதியான நேரத்தில்தான் வருவார்கள். நேரசூசி அந்த இடத்தில் உடைந்துபோகும். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டிக் கடதாசியில் ஓட்டை விழுந்ததால், ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார். ஓட்டை விழுகிற அளவுக்குப் பிழை விட்ட மனிதர்தான் அவர். முழுமையை எட்டவில்லை, ஆனாலும் முயன்றதால் கொஞ்சம் நல்லவனாகவும் மகிழ்ச்சியானவனாகவும் ஆனேன் என்பதுதான் அவர் கண்ட முடிவு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த நேரசூசியில் சமையல் இல்லை, உடுப்புத் தோய்ப்பது இல்லை, பிள்ளை பார்ப்பது இல்லை. அவருடைய மனைவி டெபோரா கடையைக் கவனித்தார், பிரசுரங்களை மடித்துத் தைத்தார், கடதாசி செய்வதற்குப் பழந்துணி வாங்கினார். பிராங்க்ளின் அடிமைகளையும் வைத்திருந்தார். கடைசிக் காலத்தில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார் என்பது உண்மைதான். என்றாலும் ஒருவருடைய ஒழுங்கான நாளுக்குப் பின்னால் வேறு ஆட்களின் நாட்கள் கிடந்தன என்பதும் உண்மை. எங்கள் வீடுகளில் அண்ணாவின் படிப்பு மேசைக்குத் தேத்தண்ணி தானாக வந்ததில்லைத்தானே.

ஆனாலும் பிராங்க்ளினின் கொப்பியில் ஒரு நல்ல விசயம் உண்டு. புள்ளி போட்டதும் அவர், அழித்ததும் அவர். அவருக்குப் பிறகு அதே சாமான்கள், ஒரு மணிக்கூடும் ஒரு தாளும், வேறு கைக்குப் போயின.

அந்தக் கை பிரெடெரிக் டெய்லருடையது. 1899இல் அமெரிக்காவின் பெத்லகேம் இரும்பாலையில், இரும்புக் கட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றும் தொழிலாளரின் வேலையை அவரும் அவருடைய ஆட்களும் அளந்தார்கள். 1911இல் வந்த தன் நூலில் டெய்லர் சொல்லும் கணக்கு இது: ஒரு தொழிலாளி நாளுக்கு 12.5 தொன் தூக்கிவந்தார், அதை 47.5 தொன் ஆக்கினோம். கூலி 1.15 டொலரில் இருந்து 1.85 டொலர் ஆனது. வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு, கூலி இரண்டு மடங்குகூட இல்லை. எப்போது தூக்க வேண்டும், எப்போது ஆற வேண்டும் என்பதை மணிக்கூட்டோடு நின்ற மேற்பார்வையாளர் சொன்னார்.

அதே 1911இல் மசாசூசெட்ஸில் இருந்த வோட்டர்ரவுண் ஆயுதத் தொழிற்சாலையில், தன் வேலையை நிறுத்தற்கடிகாரத்தால் அளக்க விடமாட்டேன் என்ற வார்ப்புத் தொழிலாளி ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். மற்றவர்களும் வெளியே நடந்தார்கள். விசயம் அமெரிக்கக் காங்கிரஸ் வரை போய், 1915இல் இராணுவத் தொழிற்சாலைகளில் அந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்தப் பணம் ஒதுக்கக்கூடாது என்று சட்டத்தில் எழுதினார்கள். அவர்களை யாரும் சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது. தங்கள் நேரத்தைப் பிறர் எழுதுவதைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள்.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்குத் தூர தேசம் தேவையில்லை. டெய்லரின் நூல் வருவதற்கு முன்னரே எங்கள் மலையகத் தோட்டங்களில் செக்ரோல் இருந்தது. காலையில் தப்புச் சத்தம், பிரட்டு, பிறகு கொழுந்து நிறுவை. நிறை காணாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். ஒரு முழு மனிசியின் நாள், வேறொருவரின் பேனையால் அரையாகிவிடும். இங்கேயும் இருப்பது ஒரு கொப்பியும் ஒரு கோடும்தான். ஆனால் அதை அழிக்கிற உரிமை உழைத்தவருக்கு இல்லை.

கடைசியாக ஒரு மாணவனின் கதை. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற பல்கலைக்கழக மாணவர் படிப்பில் மனம் நிற்காமல் தவித்தார். பத்து நிமிசம் உண்மையாகப் படிக்க முடியுமா என்று தன்னோடே பந்தயம் கட்டி, குசினியில் கிடந்த தக்காளி வடிவ மணிக்கூட்டை முறுக்கி வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பொமோடோரோ முறை. பொமோடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. 25 நிமிசம் ஒரே வேலை, 5 நிமிசம் ஓய்வு, நாலு சுற்று முடிந்தால் நீண்ட ஓய்வு. டெய்லரின் கையில் இருந்ததும் நேரத்தை அளக்கிற கருவிதான், இதுவும் அதுதான். இதை முறுக்கியது படித்தவரின் கை. பந்தயம் தோற்றாலும் அவருடைய சாப்பாட்டுக்குக் குறை வந்திருக்காது.

அதனால் இனி ஒரு பழக்கத்தைத் தொடங்கும்போதோ, ஒரு செயலியை இறக்கும்போதோ, இது வேலை செய்யுமா என்று பார்ப்பதோடு இன்னொன்றையும் கேட்டுப் பார்ப்போம். இந்தக் கணக்கை யார் எழுதுகிறார், யார் வாசிக்கிறார், யார் அழிக்கலாம்? மேலாளரின் திரையில் எங்கள் நிமிசங்கள் ஓடுகின்றன என்றால், அதற்குப் பெயர் சுயமுன்னேற்றமில்லை, செக்ரோல்.

எங்களுக்கென்றால் ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். காலையில் செய்ய வேண்டியது மூன்று, இரவில் செய்து முடித்தது எது என்று ஒரு வரி. மனம் ஓடுகிற நாளில் 25 நிமிசம் வைத்துப் பார்க்கலாம். தவறினால் ஒரு புள்ளி போட்டுவிட்டு நித்திரைக்குப் போகலாம். பிராங்க்ளினின் கொப்பியிலேயே ஓட்டை விழுந்தது. எங்கள் கொப்பியிலும் விழட்டும், அது எங்களுடைய கொப்பியாக இருக்கும் வரைக்கும்.