ரேடியோ நெல்

ஒரு நெல் ரகத்துக்கு வானொலியின் பெயர் வருமா? வந்திருக்கிறது நண்பர்களே! 1960களில் தஞ்சாவூர் மாவட்டத்து விவசாயிகள் ஆடுதுறை 27 (ஏ.டி.டி. 27) என்ற ரகத்தை "ரேடியோ நெல்" என்று கூப்பிட்டார்கள். பாபநாசம் பக்கத்தில் இருக்கும் என் தாத்தா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

நான் படிப்பது வணிகவியல். எங்கள் கணக்குப் பதிவியலில் "நற்பெயர்" என்று ஒரு பாடம் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் அதற்கும் விலை உண்டு. அந்தப் பாடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் திருச்சி வானொலிதான் ஞாபகம் வரும். ஒரு வானொலி நிலையம் தன் நேயர்களிடம் இந்தச் சொத்தை எப்படிச் சம்பாதித்தது?

திருச்சி நிலையம் 1939 மே 16-ல் தொடங்கியது. 1947-ல் சுதந்திர இந்தியாவின் பங்காக வந்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே ஆறுதான். அதில் திருச்சியும் ஒன்று. ஆனால் நிலையம் இருந்தால் மட்டும் உறவு வந்துவிடுமா என்ன? 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குக் கதவைச் சாத்தினார். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். அங்கே மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் குரலுக்காகவே ரேடியோ முன்னால் உட்கார்ந்த கூட்டம் உண்டு. பிறந்தநாள் வாழ்த்தில் தன் வீட்டுப் பிள்ளையின் பெயர் வருமா என்று காத்திருப்பது ஒரு தனி சுகம். 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கிய பிறகுதான் டெல்லி கொஞ்சம் விழித்துக்கொண்டது.

பாட்டில் தோற்ற திருச்சி ஜெயித்தது வயலில்.

குறுவைக்கு நாள் கணக்கு முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அந்தத் தண்ணீரை வைத்து நட்டு, ஐப்பசி மழை வலுப்பதற்குள் அறுத்துவிட வேண்டும். எந்த விதை, எப்போது உரம், என்ன பூச்சிக்கு என்ன மருந்து என்பதெல்லாம் அந்தந்த வாரமே தெரிந்தாக வேண்டிய விஷயங்கள். 1961-ல் மாநிலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். துண்டுப் பிரசுரம் எத்தனை பேருக்கு உதவியிருக்கும்?

கேள்வி கேட்க ஒரு வழியும் திறந்தது. 1956-ல் புனா வட்டாரத்தில் 150 கிராமங்களில் யுனெஸ்கோ உதவியோடு ஒரு சோதனை நடந்தது. கனடாவில் விவசாயிகளுக்காக நடந்த வானொலி மன்றங்கள்தான் அதற்கு முன்மாதிரி. கிராமத்தில் கொஞ்சம் பேர் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள், அதைப் பற்றி விவாதிப்பார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவார்கள், நிலையம் பதில் சொல்லும். 1959-ல் இது நாடு முழுவதற்குமான திட்டமாக விரிந்தது. 1966-ல் சில நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தொடங்கின. வேளாண்மை படித்தவர்கள் நிலையத்திலேயே வேலைக்கு வந்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய் விவசாயிகளையே பேச வைத்தார்கள். அதிகாரி சொல்வதை விட, நம்மைப் போல் சேற்றில் நின்ற ஒருவர் நம் பேச்சிலேயே "நான் போட்டுப் பார்த்தேன், விளைஞ்சது" என்றால் காது தானாகத் திரும்பாதா?

ஆடுதுறை 27 வந்தது இந்த நேரத்தில்தான். ஜப்பானிய வகையையும் இந்திய வகையையும் கலந்து ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய குறுவை ரகம் அது. சுமார் 105 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். உரம் போட்டால் நன்றாக ஏற்கும். ஆனால் உரத்துக்குக் கடன் வாங்க வேண்டும், விளையாவிட்டால் அந்தக் கடன் தலையில் நிற்கும். ரேடியோ பேச்சைக் கேட்டு விதையை மாற்றுவதா என்று தாத்தாவின் அப்பா சத்தம் போட்டாராம். கடைசியில் இரண்டு மா நிலத்தில் மட்டும் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார். அடுத்த வருடம் அவரே முழு நிலத்துக்கும் அதைக் கேட்டார். இப்படிப் பல வீடுகளில் நடந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெயர் நிலைத்திருக்காது.

இலங்கை வானொலி நேயரின் பெயரை வாசித்தது. திருச்சி வானொலியின் பெயரை நேயர்களே தங்கள் நெல்லுக்கு வைத்தார்கள். இரண்டாவதுதான் பெரிது என்பது என் கட்சி. (பாட்டுப் பிரியர்கள் மன்னிக்கவும்!)

ஆனால் இந்த உறவு யாரோடு? எந்த விதை போடுவது என்று முடிவு செய்யும் இடத்தில் இருந்தவரோடு. நாற்றுப் பறித்தவருக்கும் நடவு நட்டவருக்கும் விதைப் பேச்சில் என்ன லாபம்? விளைச்சல் கூடியபோது அவர்கள் கேட்டது கூலி. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ரேடியோ நெல் விளைந்த அதே மாவட்டம், அதே பத்தாண்டு.

தாத்தாவிடம் கேட்டேன், "நடவுக்கு வந்தவங்க வீட்டுல அப்ப ரேடியோ இருந்துச்சா தாத்தா?"

"அவங்களுக்கு ஏதுப்பா? அதான் பஞ்சாயத்து ரேடியோ இருந்துச்சே."

"அந்தக் குழாய் எந்தத் தெருவுல இருந்துச்சு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்ம தெருப் பக்கந்தான்" என்றார்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1995-ல். அதற்குப் பிறகு 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. சுற்று வட்டாரத்துப் பெண்களும் அங்கே நிகழ்ச்சி தயாரித்தார்கள். 2006-ல் தொண்டு நிறுவனங்களும் உரிமம் கேட்கலாம் என்று விதி மாறியது. பஞ்சாயத்துக் குழாய் போகாத தெருக்காரர்கள் மைக் முன்னால் உட்கார வழி வந்தது அப்போதுதான். ரேடியோ நெல்லுக்கு நாற்பது வருடம் கழித்து.