பொலெண்டாவும் பெலாக்ராவும்: ஒரு களியின் கதை



இத்தாலின்னா நமக்கு பீட்சா, பாஸ்தா. ஆனா வெனிஸ், மிலன், பெர்காமோ பக்கம் சுற்றுலா போறவங்க தட்டில் இன்னொரு உணவும் வரும். பேரு பொலெண்டா. அந்த உணவுக்குப் பின்னாடி ஒரு பெரிய மருத்துவ வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

1) பொலெண்டா என்பது நம்ம ஊர்க் களி தான். கொதிக்கிற தண்ணீரில் உப்பு போட்டு, மக்காச்சோள மாவைத் தூவி, கட்டி விழாம முக்கால் மணி நேரம் கிண்டணும். செம்புப் பாத்திரம், நீள மரத்துடுப்பு. வெந்ததும் மரப்பலகையில் கவிழ்த்து, நூலால் அறுத்து எடுப்பாங்க. வெனிஸில் வெள்ளைச் சோளத்தில் செய்வாங்க, கருவாட்டு மீன் மசியலோட தருவாங்க. பெர்காமோவில் மஞ்சள்.

2) தெற்கு இத்தாலிக்காரங்க வடக்கத்திக்காரங்களைக் கிண்டல் பண்ணும் பட்டப்பெயரே "பொலெண்டோனி", அதாவது களி தின்னிகள்! அந்த அளவுக்கு வடக்கோட அடையாளம் இது.

3) ஆனா மக்காச்சோளம் இத்தாலியில் விளைஞ்ச பயிரே இல்லை. ரோமானியர் காலத்திலிருந்து அங்கே களி உண்டு. தினை, பார்லி, பயறு மாவு இப்படி எதிலாவது கிண்டுவாங்க. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கா போய்த் திரும்பிய பிறகு தான் மக்காச்சோளம் ஐரோப்பாவுக்கு வந்தது. தக்காளியும் மிளகாயும் அப்படித்தான். இதில் வேடிக்கை, இத்தாலியர்கள் அதுக்கு வைத்த பெயர் "கிரானோதுர்கோ". துருக்கித் தானியம்!

4) விவசாயி ஏன் இதுக்கு மாறினார்? ஒரே அளவு நிலத்தில் கோதுமையை விட மக்காச்சோளம் அதிகம் விளையும். நிலமோ ஜமீன்தாருடையது. விளைந்த கோதுமை குத்தகைக்கும் சந்தைக்கும் போயிடும். உழுதவன் வீட்டுக்கு மிஞ்சியது மக்காச்சோளம். 18ஆம் நூற்றாண்டில் வெனிஸைச் சுற்றிய வெனெத்தோவிலும் லொம்பார்தியாவிலும் ஏழைக் குடும்பங்கள் காலையும் களி, மதியமும் களி, ராத்திரியும் களி. பாலும் முட்டையும் இறைச்சியும் பண்டிகைக்குத் தான்.

5) அப்போ ஒரு புது நோய் கிளம்புச்சு. பனிக்காலம் முடிந்து வயலில் இறங்கியதும், வெயில் படும் கை, கால், கழுத்துத் தோல் சிவந்து, கருத்து, உரியும். அடுத்து ஓயாத வயிற்றுப்போக்கு. அதற்கும் பிறகு மனக்குழப்பம், புலம்பல். கடைசியில் மரணம். 1771இல் மிலன் மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ஃபிரபோல்லி இந்த நோயை எழுதி வைத்தார். பெயர் பெலாக்ரா. லொம்பார்தியப் பேச்சுவழக்கில் "சொரசொரப்பான தோல்" என்று அர்த்தம். (இதே நோயை ஸ்பெயினில் காஸ்பர் கசால் 1735இலேயே கவனித்திருந்தார். கழுத்தைச் சுற்றி வரும் புண்ணுக்கு இன்றும் மருத்துவப் புத்தகத்தில் "கசாலின் அட்டிகை" என்று தான் பெயர்.)

6) 1881இல் இத்தாலி அரசு கணக்கெடுத்தபோது பெலாக்ரா நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல்! பெரும்பாலும் வடக்கு மாகாண விவசாயக் கூலிகள். பணக்காரரும் பொலெண்டா சாப்பிட்டார். கூடவே பாலாடைக்கட்டி, பறவை இறைச்சி, மீன் எல்லாம் சாப்பிட்டார். அவருக்கு நோய் வரல.

7) வெனிஸ் போறவங்க சான் மார்க்கோ சதுக்கத்தோட திரும்பிடாதீங்க. அங்கிருந்து படகில் பத்து நிமிஷத்தில் சான் செர்வோலோ என்ற சின்னத் தீவு. 1978 வரை அது மனநல மருத்துவமனை. இப்போ அருங்காட்சியகம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே அடைபட்டவர்களில் நிறைய பேர் பெலாக்ரா முற்றி மனம் குழம்பிய விவசாயிகள். அவங்க புகைப்படங்கள் அங்கே இருக்கு. சத்துக்குறைவு வந்த மனுஷங்களைப் பைத்தியம்னு பூட்டி வைத்த காலம் அது.

8) காரணம் என்ன? டாக்டர்களுக்குள்ளேயே பெரிய சண்டை. 1810இல் மர்சாரி என்ற மருத்துவர், மக்காச்சோளத்தை மட்டுமே நம்பிய சாப்பாடு தான் காரணம் என்றார். பிறகு லுஸ்ஸானா, உணவில் புரதம் போதவில்லை என்றார். ஆனா அந்தக் காலத்தில் பெரும்புகழோடு இருந்த செசாரே லொம்ப்ரோசோ, "இல்லை, பூசணம் பிடித்த சோளத்தில் உள்ள நஞ்சு தான் காரணம்" என்று அடிச்சுச் சொன்னார். அவர் குரல் தான் எடுபட்டது.

நில உடைமையாளர்களுக்கும் இது வசதி. நஞ்சு தான் காரணம்னா சோளத்தை உலர்த்தினா போதும். பசி தான் காரணம்னா கூலியை உயர்த்தணுமே!

9) 1902இல் இத்தாலி பெலாக்ராவுக்கென்றே தனிச்சட்டம் போட்டது. கெட்டுப்போன சோளத்துக்குத் தடை. கூடவே நோயாளிகளுக்கு நல்ல சாப்பாடு போடும் சாப்பாட்டுக் கூடங்கள். சட்டத்துக்கு அடிப்படையான கோட்பாடு தப்பு. ஆனா அந்தச் சாப்பாடு வேலை செய்தது. இதற்கு முன்பே லட்சக்கணக்கானவர்கள் பிழைப்பு தேடி பிரேசில், அர்ஜென்டினா என்று கப்பல் ஏறிட்டாங்க. கூலியும் உணவும் மேம்பட மேம்பட, நோய் மெல்ல ஓய்ந்தது.

10) உண்மையான விடை அமெரிக்காவில் கிடைத்தது. 1914 முதல் ஜோசப் கோல்ட்பெர்கர், அநாதை இல்லக் குழந்தைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி கொடுத்து நோயை நிறுத்திக் காட்டினார். இது தொற்றுநோய் இல்லை என்று நிரூபிக்க நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார்! 1937இல் கான்ராட் எல்வெஜெம் அந்தச் சத்தை அடையாளம் கண்டார். நியாசின், அதாவது வைட்டமின் பி3.

11) சரி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளா மக்காச்சோளமே உண்ட மெக்சிகோ மக்களுக்கு ஏன் பெலாக்ரா வரல?

சுண்ணாம்பு! அவங்க சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவைத்து, கழுவி அரைப்பாங்க. மக்காச்சோளத்தில் நியாசின் இருக்கு. ஆனா உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கு. சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கும். கூடவே பீன்ஸும் சாப்பிட்டாங்க. ஐரோப்பியர்கள் விதையைக் கப்பலில் ஏற்றினாங்க. சமையல் அறிவை அங்கேயே விட்டுட்டு வந்துட்டாங்க.

12) இந்தக் கதையில் சேலத்தில் பிறந்த ஒரு மருத்துவரும் உண்டு. டாக்டர் சி. கோபாலன், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். ஹைதராபாத்தில் சோளமே முக்கிய உணவாக இருந்த ஏழை மக்களிடம் பெலாக்ராவைக் கண்டார். அதில் லூசின் என்ற அமினோ அமிலம் அதிகம் இருப்பது காரணமாகலாம் என்று டாக்டர் ஸ்ரீகண்டியாவுடன் சேர்ந்து 1960இல் லான்செட் இதழில் எழுதினார். உலகம் முழுக்க விவாதத்தைக் கிளப்பிய ஆய்வு அது.

13) இன்றைக்கும் பெலாக்ரா முழுசா போகல. சாப்பாட்டை மறந்து குடியிலேயே கிடப்பவர்களிடம் பார்க்கிறோம். சில காசநோய் மருந்துகள் எடுப்பவர்களிடம், சாப்பாடும் சரியில்லைன்னா, எப்போதாவது வரும். வெயில் படும் இடத்தில் மட்டும் தோல் கருத்து உரிந்து, வயிறும் சரியில்லை, பேச்சும் தடுமாறுதுன்னா வெறும் களிம்பு பூசிக்கிட்டு இருக்காதீங்க. டாக்டரைப் பாருங்க. நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண விட்டமின் மாத்திரையிலும் நல்ல சாப்பாட்டிலும் குணமாகும்.

14) மக்காச்சோளமோ சோளமோ கெட்ட உணவு இல்லை மக்களே. பால், பருப்பு, முட்டை, மீன்னு ஏதாவது ஒன்று பக்கத்தில் இருந்தா அது அருமையான உணவு. வேறு எதுவும் வாங்க வழியில்லாம மூணு வேளையும் அதுவே என்ற நிலை தான் ஆளைக் கொன்றது.

வடக்கு இத்தாலி போனால் பொலெண்டாவைத் தயங்காம ருசிங்க. பக்கத்தில் மீனோ பாலாடைக்கட்டியோ கட்டாயம் இருக்கும். இருநூறு வருஷம் முன்னாடி அந்த வயலில் உழுதவனுக்கு அது கிடைக்கல.