இன்டர்னல் மார்க்கும் எடைக்கல்லும்

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் எல்லாமே 20-க்குத்தான் மார்க். 12 வாங்கினால் அன்றைக்கு வீட்டில் பாயசம். 15 வாங்கிய பையனைத் தெருவே திரும்பிப் பார்க்கும். எங்களுக்கு இலக்கணம் எடுத்த முசியே ஒருவர் இருந்தார். 11-க்கு மேல் அவர் பேனா ஏறவே ஏறாது. பக்கத்து வகுப்பு மதாமோ 16, 17 என்று தாராளமாகப் போடுவார். என் சித்தப்பா மகன் அங்கே 16, நான் இங்கே 11. இரண்டு பேரும் ஒரே விளக்கில் உட்கார்ந்து படித்தவர்கள்தான்.

அந்தக் காலத்தில் இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. நெப்போலியன் 1808-இல் ஏற்படுத்திய பக்கலொரேயா தேர்வில் எழுதுவதும் சொல்வதும்தான் கணக்கு. பள்ளியில் வாங்கிய மார்க்கெல்லாம் லிவ்ரே என்ற பதிவேட்டில் இருக்கும். பையன் தேறுவானா மாட்டானா என்று விளிம்பில் நின்றால் மட்டும் நடுவர் குழு அதைத் திறந்து பார்க்கும்.

பள்ளி போடும் மார்க்கைச் சான்றிதழிலேயே சேர்க்கிறேன் என்று ஒரு அரசாங்கம் சொல்லும்போதுதான் சிக்கல் ஆரம்பம். கடைக்காரர் தன் வீட்டுக் கல்லை வைத்து நிறுத்தால் ஒத்துக்கொள்வோமா? முத்திரை போட்ட கல்லோடு ஒப்பிட வேண்டும். இங்கே முத்திரைக் கல் என்பது பொதுத் தேர்வு.

இதை ஒழுங்காகச் செய்கிற இடம் ஒன்று எனக்குத் தெரியும், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். சிட்னியில் இருக்கும் என் தம்பி மகன் தன் பிள்ளைக்காக இதையெல்லாம் கரைத்துக் குடித்தவன். ஒரு மணி நேரம் போனில் விளக்கினான். அங்கே 12ஆம் வகுப்புச் சான்றிதழில் பாதி பள்ளி மார்க், பாதி பொதுத் தேர்வு. ஆனால் பள்ளி அனுப்பும் எண் அப்படியே ஏறாது. ஒரு பள்ளியில் ஒரு பாடத்துக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வையுங்கள். ஆசிரியர் போட்டதன் சராசரி 80. அதே பத்துப் பேர் பொதுத் தேர்வில் எடுத்த சராசரி 70. அப்படியானால் பள்ளி மார்க்கின் சராசரியும் 70-க்கு இறக்கப்படும். ஆசிரியர் கணக்கில் முதலாவதாக நின்ற பிள்ளைக்கு, தேர்வில் அந்தப் பள்ளியில் யார் அதிகம் எடுத்தார்களோ அந்த மார்க் போகும். கஞ்சக்கை ஆசிரியராக இருந்தால் இதே முறையில் எல்லாருக்கும் ஏறும். ஆனால் யார் முதல், யார் மூன்றாவது என்ற வரிசையை மட்டும் யாரும் தொடுவதில்லை. அது பிள்ளையைத் தினமும் பார்த்த ஆசிரியரின் உரிமை.

அதாவது வரிசை பள்ளியுடையது, உயரம் தேர்வுடையது. முப்பது வருஷம் கணக்குப் புத்தகம் சரிபார்த்தவன் என்பதால் சொல்கிறேன், நல்ல ஏற்பாடு. கூட உட்கார்ந்த பிள்ளைகள் தேர்வில் சொதப்பினால் நம் பிள்ளைக்கும் கொஞ்சம் இறங்கும் என்ற குறை உண்டு. ஆனாலும் அவர்கள் அதே வருஷம், அதே வகுப்பில் கூடப் படித்தவர்கள்.

2020-இல் கொரோனா வந்து முத்திரைக் கல்லையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. இங்கிலாந்தில் தேர்வு இல்லை. ஆசிரியர்கள் ஒரு கிரேடும், வகுப்பு வரிசையும் எழுதி அனுப்பினார்கள். தேர்வு வாரியங்களைக் கண்காணிக்கும் ஆஃப்குவால், முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்தப் பள்ளி என்ன எடுத்ததோ அதை எடைக்கல்லாக வைத்தது. ஆகஸ்ட் 13 அன்று ஏ லெவல் முடிவு வந்தபோது நூற்றுக்கு 39 கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் கீழே இருந்தன. இதில் ஒரு வேடிக்கை. ஐந்து பேருக்குக் குறைவான வகுப்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது என்று ஆசிரியர் சொன்னதையே ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவு சின்ன வகுப்பு அதிகம் இருப்பது பணக்காரத் தனியார் பள்ளிகளில்! பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். நான்கே நாளில், 17ஆம் தேதி, அரசாங்கம் பின்வாங்கி ஆசிரியர் கிரேடையே கொடுத்தது.

பிரான்சில் அதே ஆண்டு நடுவர் குழுக்கள் லிவ்ரேயை வைத்துக்கொண்டு, அந்தப் பள்ளியின் பழைய முடிவுகளையும் பார்த்து, ஆளுக்கு ஆள் முடிவு செய்தன. பெரும்பாலும் ஏற்றித்தான் விட்டார்கள். தேறியவர்கள் 95 சதவீதத்துக்கு மேல்.

அடுத்த ஆண்டு நம் வீட்டுக்கே வந்தது. என் பேத்தி சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பு. 2021 ஜூன் 1 அன்று தேர்வு ரத்து என்றார்கள். பிறகு வந்த திட்டம் இது: 10ஆம் வகுப்புக்கு 30, 11-க்கு 30, 12-க்கு 40 சதவீதம். அதோடு நிற்கவில்லை. முந்தைய மூன்று ஆண்டுகளில் பள்ளி நன்றாகச் செய்த ஆண்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பாடவாரிச் சராசரி அதிலிருந்து 5 மார்க்குக்கு மேல் விலகக் கூடாது. பள்ளியின் மொத்தச் சராசரி 2 மார்க்குக்கு மேல் ஏறக் கூடாது.

காரணம் புரிகிறது. கட்டுப்பாடு இல்லாவிட்டால் எல்லாப் பள்ளியும் 99 போட்டிருக்கும். கட்டுப்பாடு இருந்துமே 95 சதவீதத்துக்கு மேல் எடுத்தவர்கள் முந்தைய ஆண்டு 38,686 பேர், அந்த ஆண்டு 70,004 பேர். ஆனால் பேத்தியின் பள்ளி சுமாரான பள்ளி. அவள் செட்டுப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். முன்னால் படித்துப் போன, அவள் முகம் பார்த்திராத அண்ணன்மார்களும் அக்காமார்களும் எடுத்த மார்க் அவள் தலைக்கு மேல் கூரையாக நின்றது. பொருளாதாரத்தில் அவள் எழுதிய தேர்வுகளைத் திண்ணையில் உட்கார்ந்து நான் கூட்டிப் பார்த்தேன், 96 வந்தது. ஜூலை 30 அன்று வந்த தாளில் 91. மற்ற பாடங்களிலும் இப்படி நாலும் மூன்றும். சென்னையில் அவள் கேட்ட கல்லூரியில் இரண்டு மார்க்கில் இடம் போயிற்று.

திருப்தி இல்லாதவர்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் நேரடியாகத் தேர்வு எழுதலாம் என்று ஒரு வழி இருந்தது. ஆனால் அதில் வருவதே இறுதி, குறைந்தாலும் அதுதான் என்று நிபந்தனை. எழுதட்டுமா தாத்தா என்று கேட்டாள். ஒன்றரை வருஷமாக ஆன்லைன் வகுப்பு, கையால் மூன்று மணி நேரம் எழுதிய பழக்கமே விட்டுப்போயிருந்தது. கையில் இருப்பதை விடாதேம்மா என்று சொன்னவன் நான்தான். கிளார்க் புத்தி. அவள் எழுதவில்லை. உள்ளூரிலேயே சேர்ந்தாள்.

2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. தேர்வு எழுதியவர்கள் இரண்டில் எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு. காலைப் பேப்பரில் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தை மடித்து என் தலையணைக்கடியில் வைத்தேன். அவள் போனிலேயே பார்த்துவிட்டிருந்தாள். சாயங்காலம் காபி கொண்டுவந்து வைத்தபோது, "பார்த்தீங்களா தாத்தா?" என்றாள். "பார்த்தேம்மா" என்றேன்.