பாறையில்லா மாநகரம்

வீடு கட்டுவோர் கண்ணுக்குத் தெரிவது மேலே எழும் சுவர். அச்சுவரைத் தாங்குவதோ கண்ணுக்குத் தெரியாத நிலம். தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் கிணறு வெட்டுவோர் சில ஆள் ஆழம் சென்றதும், "பாறை தட்டிவிட்டது" என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். நீர் தேடுவோருக்கு அது கவலை தரும் சொல். கட்டடம் எழுப்புவோருக்கோ நம்பிக்கை தரும் சொல். நம்மவர் பலர் தொழிலையும் கல்வியையும் நாடிக் குடியேறிய கல்கத்தாவில், கட்டடக்காரர் எட்டக்கூடிய எந்த ஆழத்திலும் அச்சொல் காதில் விழுவதில்லை. 2001ஆம் ஆண்டு முதல் கொல்கத்தா என வழங்கும் அம்மாநகர், ஆறு கொணர்ந்த மண்ணின்மேலும் அம்மண்ணில் தங்கிய நீரின்மேலும் நிற்கிறது. அந்நிலத்தின் இயல்பை அறிந்து நடந்தபோது அங்கே பெருஞ்செயல்கள் கைகூடின. மறந்தபோது வீடுகள் விரிந்தன. அவ்வரலாற்றையே இன்று சுருக்கமாகக் காண்போம்.

இந்நிலத்தின் அந்தரங்கம் முதன்முதலில் வெளிப்பட்டது குடிநீரைத் தேடிய ஒரு முயற்சியினால்தான். 1835ஆம் ஆண்டு முதல் 1840 வரை வில்லியம் கோட்டைக்குள் ஒரு துளை இறக்கப்பட்டது. அது 481 அடி ஆழம் சென்றது. அப்போதும் பாறை அகப்படவில்லை. களிமண், மணல், சரளை, மீண்டும் களிமண் என்று அடுக்குகள் மாறி மாறி வந்தன. கடல் வாழ் உயிர்களின் சிப்பிகளைக் காணவில்லை. மாறாக, மக்கிய மரமும் தழையும் கலந்த கருமண் மேற்பகுதியிலும், முந்நூறு அடிக்குக் கீழேயும் காணப்பட்டது. பின்னர்ச் சியால்தாப் பகுதியில் குளம் வெட்டியபோது, சுமார் 30 அடி ஆழத்தில் சுந்தரி மரங்களின் அடிக்கட்டைகள் வேரூன்றி நின்ற நிலையிலேயே வெளிப்பட்டன. சுந்தரி என்பது கடலோரச் சதுப்பில் வளரும் மரம். சுந்தரவனத்தில் இன்றும் அது செழித்து நிற்கிறது. ஆகவே, இன்று டிராம் வண்டியின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படும் இந்நகரம் ஒரு காலத்தில் காடாக இருந்தது. அக்காடு மண்ணோடு அமிழ்ந்து, அதன்மேல் ஆறு புதிய மண்ணைப் பரப்பியது என்பது தெளிவாயிற்று.

நகரின் பெரும்பகுதியில் மண் அடுக்குகள் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் அமைந்துள்ளன. மேலே சில அடிகளுக்கு வெயிலிற் காய்ந்து ஓரளவு இறுகிய பழுப்புக் களிமண் உண்டு. அதன்கீழ் மக்கிய மரத்துண்டுகள் கலந்த, மிக மென்மையான கருங்களிமண் கிடக்கிறது. ஏறத்தாழ 40 அடிக்குக் கீழே சென்றால்தான் சுக்கான்கல் கலந்த, இறுகிய நீலச் சாம்பல் நிறக் களிமண் கிட்டும். பழைய கங்கையின் தடமாகிய ஆதிகங்கையை ஒட்டிய இடங்களில் இவ்வொழுங்கு மாறி, மணலும் வண்டலும் மிகும். எனவே ஒரே நகரில், ஒரு தெருவுக்குப் பொருந்திய அடித்தளம் அடுத்த தெருவுக்குப் பொருந்தாமற் போதலும் உண்டு.

இம்மென்மையான களிமண் சுமையை எவ்வாறு தாங்குகிறது? நனைந்த பஞ்சின்மேல் ஒரு செங்கல்லை வைப்பதாக எண்ணிப் பார்ப்போம். பஞ்சு உடனே அமுங்கி, நீர் வெளியேறும். களிமண்ணிலும் இதுவே நிகழ்கிறது. ஆனால் அதன் துளைகள் மிக நுண்ணியவை ஆதலின், நீர் வெளியேற ஆண்டுகள் பல ஆகும். கட்டடத்தின் பாரத்தை முதலில் ஏற்பது மண்ணிடுக்கில் சிக்கிய நீரே. அந்நீர் மெல்ல மெல்லக் கசிந்து அகல, மண் துகள்கள் நெருங்க, கட்டடம் சிறிது சிறிதாக இறங்குகிறது. கட்டடம் முழுவதும் ஒரே சீராக இறங்கினால் பெருந்தீங்கு இல்லை. ஒரு மூலை அதிகமாகவும் மற்றொரு மூலை குறைவாகவும் இறங்கினால்தான் சுவர் வெடிக்கிறது, கதவு நிலையிற் சிக்குகிறது, தளம் சாய்கிறது.

இவ்வுண்மையை மதித்துக் காத்திருந்தவர் வெற்றி கண்டனர். விக்டோரியா நினைவு மண்டபத்திற்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயினும் மேற்கட்டட வேலை 1910இல்தான் தொடங்கிற்று. அத்தாமதத்திற்கு அடித்தளத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். சலவைக்கல்லின் பெரும் பாரத்தை அந்நிலத்தின்மேல் அவசரப்பட்டு ஏற்ற எவரும் துணியவில்லை. மண்டபம் திறக்கப்பட்டது 1921இல்.

ஹௌரா பாலத்தின் கதை இதனினும் வியப்புக்குரியது. ஆற்றுமணலில் கிணறுகளை இறக்கி அவற்றின்மேல் கட்டும் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கட்டிய மேலணையும் கிணறுகளையே அடித்தளமாகக் கொண்டது. அதே கருத்துத்தான் ஹூக்ளிக் கரையில் மலைபோல் பெருகிற்று. பாலத்தின் பிரதான கோபுரத்தைத் தாங்கும் அடித்தளம் ஏறத்தாழ 181 அடி நீளமும் 81 அடி அகலமும் கொண்டது. அதில் 21 கிணறுகள். கிணறுகளின் உள்ளிருந்து சேற்றை அள்ள அள்ள, அப்பெரும் பெட்டகம் தன் பாரத்தாலேயே கீழே இறங்கியது. ஒரு கரையில் 87 அடியும் மறு கரையில் 103 அடியும் சென்று, இறுகிய களிமண்ணிற் புதைந்த பிறகே அது நிலைகொண்டது. நீரோடு கூடி ஓடும் மணல் குறுக்கிட்ட இடத்தில், அழுத்தமூட்டிய காற்றை உட்செலுத்தி, அதை எதிர்த்து நிறுத்தி, தொழிலாளர் உள்ளே வேலை செய்தனர். ஓர் இரவு அடிமண் திடீரென நெகிழ்ந்து பெட்டகம் முழுவதும் இரண்டு அடி தாழ்ந்ததாகவும், கிதர்பூரிலிருந்த கருவி அதை நிலநடுக்கமெனப் பதிவு செய்ததாகவும் அப்பாலத்தின் வரலாறு கூறுகிறது. 1943ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. தினந்தோறும் அதன்மேல் நடந்து செல்லும் இலட்சக்கணக்கானோர், தம் காலடியில் நூறடி ஆழத்தில் நடந்த போராட்டத்தை எண்ணிப் பார்ப்பதில்லை.

நகரம் விரிந்தபோது புதிய நிலம் தேவைப்பட்டது. 1920களில் கல்கத்தா மேம்பாட்டு டிரஸ்ட், தென் கல்கத்தாவின் சதுப்புக்காட்டில் பெரிய ஏரியை வெட்டி, சூழ இருந்த தாழ்நிலங்களை மேடாக்கிக் குடியிருப்புக்கு உரியதாக்கியது. அதுவே 1958 முதல் ரவீந்திர சரோவர் எனப் பெயர் பெற்ற ஏரி. நம்மவர் நெருங்கி வாழ்ந்து, இட்டிலி மணமும் கோயில் மணியோசையும் பரப்பிய லேக் மார்க்கெட் வட்டாரம் இவ்வேரியின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1962இல் கிழக்கேயுள்ள உப்பேரியைத் தூர்க்கும் பணி தொடங்கிற்று. ஹூக்ளியின் அடியிலிருந்து வாரிய மணலையும் வண்டலையும் நீரோடு கலந்து, குழாய்கள் வழியே செலுத்தி நிரப்பினர், பிதான்நகர் பிறந்தது. தூர்த்த நிலம் பார்வைக்குச் சமமாகத் தோன்றினும், அடியிலுள்ள மென்களிமண் புதிய பாரத்தால் நெடுங்காலம் அமுங்கிக்கொண்டே இருக்கும் என்பதை மறத்தலாகாது.

பூமிக்குள் இரயில் ஓட்ட முனைந்தபோது நிலத்தடி நீரோடு நேருக்கு நேர் போராட நேர்ந்தது. இந்தியாவின் முதல் சுரங்க மெட்ரோ இரயில் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே ஓடிற்று. அவ்வழியின் பெரும்பகுதி, தெருவைத் திறந்து, இரு புறமும் தடுப்புச் சுவர் எழுப்பி, தோண்டிக் கட்டி, மீண்டும் மூடப்பட்டதாகும். பிற்காலத்துக் கிழக்கு மேற்கு வழிக்குத் துளைக்கும் இயந்திரங்கள் வந்தன. 2017இல் அவை ஹூக்ளி ஆற்றின் அடியிலேயே, சுமார் 520 மீட்டர் தொலைவைத் தீங்கின்றிக் கடந்தன. ஆற்றைக் கடந்தோம், இனி அச்சமில்லை என்று எண்ணிய வேளையில், ஆறே இல்லாத இடத்தில் நீர் வந்து மறித்தது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், பௌபஜாரில் துளைத்துச் சென்ற இயந்திரம் நீர்கொண்ட மணற்படுகையைத் தாக்கிற்று. நீரும் மணலும் சுரங்கத்துள் பாய்ந்தன. நீர் கீழே போகப் போக, மேலிருந்த நிலத்தின் பிடிப்புக் குலைந்தது. துர்கா பிதுரி சந்திலும் அடுத்த சந்துகளிலும் தலைமுறை தலைமுறையாக நின்ற பழைய வீடுகள் விரிந்தன. சில இடிந்து வீழ்ந்தன. நூற்றுக்கணக்கானோர் உடுத்த துணியோடு வெளியேறினர். பொற்கொல்லர் நிறைந்த அவ்வட்டாரத்தில் வீட்டோடு தொழிலும் போயிற்று. 2022ஆம் ஆண்டு மே மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் நீர் மீண்டும் கசிய, மீண்டும் சுவர்கள் வெடித்தன. இத்தடைகளையெல்லாம் தாண்டி, எஸ்பிளனேடு சியால்தாப் பகுதி 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் திறக்கப்பட்டது. பயணியருக்கு வழி கிடைத்தது. வீடிழந்தோர் கொடுத்த விலையும் அவ்வழியின் வரலாற்றைச் சேர்ந்ததேயாகும்.

இப்பெரு நிகழ்ச்சி ஒரே இரவில் காட்டியதை, ஓசையின்றிப் பல ஆண்டுகளிற் செய்யும் செயல்கள் இரண்டு. ஒன்று, ஆழ்குழாய்க் கிணறுகளால் நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சுதல். நீர் ஏந்திய பாரத்தை அது அகன்றதும் மண்ணே ஏற்க வேண்டியிருத்தலின், நிலம் மெல்லத் தாழ்கிறது. மற்றொன்று, குளங்களைத் தூர்த்து அவற்றின்மேல் மாடி கட்டுதல். குளத்தின் அடிச்சேறும் அதன்மேற் கொட்டிய குப்பை மண்ணும் கரைநிலத்தைப் போல் பாரம் தாங்கா. வீட்டின் ஒரு பாதி கரையிலும் மறு பாதி குளத்திலும் நின்றால் சாய்வு நேர்வது திண்ணம். மேற்கு வங்காளத்தில் குளந்தூர்ப்பதைச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் சட்டம் ஒன்றே போதாது. வாங்குவோரின் விழிப்பும் வேண்டும்.

நம்மவர் பிற மாநிலங்களில் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வீடு வாங்கும்போது, தண்ணீர் வசதியையும் கடைத்தெருவின் தொலைவையும் கேட்கின்றனர். இனி இன்னும் சில கேள்விகளைக் கேட்டல் நலம். இவ்விடம் முன்பு என்னவாக இருந்தது? பழைய நில வரைபடத்தில் இங்கே குளம் இருந்ததா? மண்ணைத் துளையிட்டுச் சோதித்த அறிக்கை உண்டா? தூண்கள் எந்த அடுக்கில் ஊன்றியுள்ளன? அருகில் ஆழமாகத் தோண்டும் வேலை நடந்தால், நம் சுவரின் வெடிப்புகளை அளந்து வைத்திருக்கிறோமா? அத்தெருவில் நெடுநாள் வாழ்ந்த முதியவர் ஒருவரிடம் கேட்டாலே முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஏனைய கேள்விகளைக் கட்டியவரிடமே கேட்க வேண்டும்.

கடைக்கால் என்று நம் முன்னோர் அடித்தளத்திற்குப் பெயரிட்டனர். வீட்டிற்கும் கால் உண்டு. அது ஊன்றும் மண்ணுக்கோ நீரே உயிர். அந்நீரை அதன் இடத்தில் இருக்க விடும் ஊரில் வீடும் தன் இடத்தில் நிற்கும்.