தானாகவே உருண்டையாகும் கொழுப்பு... புற்றுநோய் மருந்தைச் சுமக்கும் 'லிப்போசோம்': தெரிஞ்சுக்க வேண்டியவை!

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்காக ஓசூர் வழியா பெங்களூரு வரைக்கும் போறவங்க உண்டு. அங்கே டாக்டர் 'லிப்போசோமல் டாக்ஸோரூபிசின்' என்று சொன்னால் குழம்ப வேண்டாம். பல வருஷமா கொடுக்கப்படும் சிவப்பு கீமோ மருந்துதான் அது. கொழுப்பு உறைக்குள் வருகிறது, அவ்வளவுதான்.

உறை எப்படி உருவாகுது?

சோப்பு மாதிரியே, பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுக்கும் தண்ணீரை விரும்பும் தலையும், வெறுக்கும் வாலும் உண்டு. தண்ணீரில் விட்டால் வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, இரட்டைச் சுவர் கொண்ட உருண்டை தானாகவே உருவாகிவிடும். இப்படி மூலக்கூறுகள் மென்மையான ஈர்ப்பால் கூடுவதை ஆராய்வதுதான் 'சூப்ராமாலிக்யூலர்' வேதியியல். இத்துறையின் முன்னோடிகள் மூவருக்கு 1987-ல் நோபல் பரிசு கிடைத்தது.

என்ன லாபம்?

உருண்டையின் அளவு சுமார் 100 நானோமீட்டர். கட்டியின் ரத்தக்குழாய்களில் இடைவெளி அதிகம் என்பதால் அங்கே கசிந்து நுழையும். இதயத்தின் ரத்தக்குழாய்கள் நெருக்கமானவை. அதனால் இதயத்துக்குப் போகும் மருந்து குறையும். அமெரிக்காவில் 'டாக்ஸில்' என்ற பெயரில் 1995-ல் அனுமதி கிடைத்தது. 2012-ல் அங்கே தட்டுப்பாடு இருந்தபோது, நம்ம ஊர் சன் பார்மாவின் 'லிப்போடாக்ஸ்' தற்காலிகமாக இறக்குமதியானது.

எதில் கவனம்?

பரவிய மார்பகப் புற்றுநோயில் ரெண்டையும் ஒப்பிட்ட ஆய்வில், நோயைக் கட்டுப்படுத்துவதில் பெரிய வித்தியாசம் இல்லை. இதய பாதிப்புதான் குறைந்தது. ஆனால் உள்ளங்கை, பாதம் சிவந்து உரியும் தொல்லை இதில் அதிகம். சிகிச்சை நாட்களில் சூடான தண்ணீர், இறுக்கமான செருப்பைத் தவிருங்கள். எல்லா புற்றுநோய்க்கும் இது பொருந்தாது.

அதனால் நிலத்தை அடகு வைக்கும் முன், 'எனக்கு இது ஏன், சாதாரண மருந்து போதாதா, காப்பீட்டில் வருமா?' என்று டாக்டரிடம் தயங்காம கேளுங்க.

கண்டுபிடிக்கவும் இது உதவுமா?

தானாகக் கூடி, கட்டியை ஒளிர வைத்துக் காட்டும் பொருட்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கின்றன. அதுவரை காத்திருக்க வேண்டாம். 30 வயது தாண்டியவர்கள் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் பரிசோதனை பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்! ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, இயல்பில்லாத ரத்தப்போக்கு... இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீங்க.