துரைக்கு உத்தரவு போட முடியாத ஏஜெண்டு

தூதர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கொடி கட்டிய கார், விருந்து, கைகுலுக்கல். மலாயாவுக்கு இந்தியா அனுப்பிய முதல் பிரதிநிதிகளோ தோட்டத்து லயங்களின் பொருட்டு நியமிக்கப்பட்டவர்கள். சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் வெட்டிய காலத்துக் கதை இது.

1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. கூலிகள் போகும் நாடுகளில் இந்திய அரசு ஓர் ஏஜெண்டை அமர்த்த அது வழிசெய்தது. மலாயாவுக்கான ஏஜெண்டின் அலுவலகம் கோலாலம்பூரில். நெகிரி செம்பிலானும் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் தோட்டத்துக்குப் போகலாம், சம்பளம், குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளிக்கூடம் பற்றி விசாரிக்கலாம், தொழிலாளர் இலாகாவுக்கும் டில்லிக்கும் எழுதலாம். ஆனால் துரைக்கு உத்தரவு போட அவருக்கு அதிகாரம் கிடையாது. அனுப்பியதும் பிரிட்டிஷ் ஆட்சி, வரவேற்றதும் பிரிட்டிஷ் ஆட்சி!

அப்படியானால் அவரால் என்ன பயன்? சம்பளக் கணக்கைப் பாருங்கள். 1928இல் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயமானது. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40, 32 ஆனது. வேலையிழந்த பல்லாயிரம் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1936 இறுதியில் சீனிவாச சாஸ்திரி இந்திய அரசின் சார்பில் வந்து பார்த்தார். பழைய சம்பளத்தைத் திருப்பித் தர வேண்டும், கங்காணி முறையில் ஆள் சேர்ப்பதை நிறுத்த வேண்டும் என்றார். 1937இல் 50, 40 திரும்பி வந்தது. மறு ஆண்டே 45, 36 என்று மீண்டும் குறைத்தார்கள். 1938 ஜூனில் இந்தியா, உதவி பெற்று மலாயாவுக்குக் கூலிகள் வருவதைத் தடை செய்தது.

ஏஜெண்டின் பேனாவுக்கு இருந்த பலம் இதுதான்: ஆள் அனுப்ப மாட்டோம் என்று இந்தியா சொல்ல முடிந்ததே அவருடைய பலம். தடை வந்தபின் அந்த ஆயுதமும் கையிலிருந்து போய்விட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது ராணுவம் சுட்டது. தலைவர் ஆர்.எச்.நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு ஏஜெண்டாக இருந்தவர் சுபிமல் தத். பின்னாளில் இந்தியாவின் வெளியுறவுச் செயலாளராக உயர்ந்த அவராலேயே அதைத் தடுக்க முடியவில்லை.

போருக்குப் பின் காட்சி மாறியது. 1946இல் மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரான ஜான் திவி, 1947இல் இந்தியாவின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றபின் அந்தப் பதவி தூதரகமானது. தூதர் இந்தியக் குடிமக்களுக்கு உரியவர். இந்நாட்டுக் குடியுரிமை பெற்ற தோட்டத் தொழிலாளிக்காக அவர் பேசினால், அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுவதாகிவிடும். அங்குமில்லை இங்குமில்லை என்று பத்திரமில்லாமல் நின்றவர்களின் பாடுதான் பெரும்பாடு.

அந்த இடைவெளியை நிரப்பப் புறப்பட்டது நம் மாநிலம்தான். பி.பி.நாராயணன் போன்றோர் போர் முடிந்த கையோடு நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதன் குறைநிறைகளை இந்த அரங்கில் தாராளமாக விவாதிக்கலாம். ஆனால் ஏஜெண்டு வருவார் என்று காத்திருந்தவர்கள், தாங்களே மேசைக்கு எதிரே உட்கார்ந்து சம்பளம் பேசினார்களே, அதை மறக்கக்கூடாது. நமக்காகப் பேச வருபவர் எவராக இருந்தாலும், அவருக்குப் பின்னால் எந்தப் பலம் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.